படகு யாருடையது? ஒரு கடல்சார் பாதுகாப்பு ஆய்வாளரின் தொழில்வாழ்க்கை: நிகழ்வு ஆய்வு

"சார், ஹிஸ்டரி படிச்சா டீச்சர் வேலை, குரூப் ஃபோர், இதை விட்டா வேற என்ன இருக்கு?"

காரைக்குடியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒருவர் நினைவுக்கு வந்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். பழைய வீடு ஒன்றின் இரண்டாம் கட்டில், முன்பு நெல் மூட்டை போட்டிருந்த அறையில், இரண்டு கணினித் திரைகளை வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். கப்பல் நிறுவனங்களுக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் வெளியுறவு ஆய்வு அமைப்புகளுக்கும் மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதிப் பிழைக்கிறவர்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஆச்சின்னே எழுதுங்க சார், இங்க ஆயிரம் ஆச்சி இருக்காக." சரி, அப்படியே எழுதுகிறேன். நான்கு முறை நேரில் பேசினேன், ஒரு முறை அவருடன் கடற்கரைக்கும் போய்வந்தேன்.

டிரங்குப் பெட்டி

ஆச்சியின் ஐயா, அதாவது தாத்தா, முதலாளி இல்லை. ரங்கூனில் ஒரு விலாசத்தில், அதாவது செட்டியார் வட்டிக்கடை ஒன்றில், அடுத்தாளாக, சம்பளத்துக்கு, இருந்தவர். செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தேக்குத் தூணையும் பளிங்குத் தரையையும் எழுதுவார்களே தவிர, மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறிப் போய், ரங்கூனில் செட்டியார் கடைகள் இருந்த மொகல் தெருவில் கால் மடக்கி உட்கார்ந்து பேரேடு எழுதிய சம்பளக்காரர்களை யாரும் எழுதுவதில்லை. அந்த ஐயா திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு தகர டிரங்குப் பெட்டி. அதில் பெரும்பாலும் கடிதங்கள். கடையிலிருந்து ஊரில் இருக்கும் முதலாளிக்கு எழுதியவற்றின் நகல்கள்.

1990களின் தொடக்கத்தில் ஏதோ நிலப் பத்திரம் தேடப்போய் ஆச்சி அந்தப் பெட்டியைத் திறந்தார். எனக்கும் சிலவற்றைக் காட்டினார். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். அப்புறம் நெல் விலை, மழை, எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கடனாளி வீட்டில் சாவு, யார் எருமையை விற்றான், நடப்பு வட்டி என்ன. இன்றைக்கு அவர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வார அறிக்கையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் தெரியும். உண்மையில் இதுவும் அபாய மதிப்பீடுதான்.

1930ஐ ஒட்டிப் பர்மாவில் செட்டியார் கடைகள் சுமார் 1,650. வெளியே நின்ற கடன் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம் ஆனது. 1937ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23ல் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஊரே ஜப்பானியர் கைக்குப் போனது. பெட்டியிலிருக்கும் கடைசிக் கடிதம் 1941 ஐப்பசி. அதிலும் நெல் விலைதான் இருக்கிறது.

"கடனாளி ஒவ்வொருத்தனோட மாட்டுக் கணக்கு வரைக்கும் எழுதி வச்சிருக்காக. அந்த ஊரு யாருக்குங்கிற கேள்வி ஒரு கடுதாசியிலயும் இல்ல" என்றார் ஆச்சி. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் புரிந்துகொண்டவரை, அவருடைய தொழில் முழுவதும் இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

மலாக்கா

காரைக்குடியில் பி.ஏ. வரலாறு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கொஞ்ச காலம் மொழிபெயர்ப்பு வேலை. கல்யாணமாகி 2003ல் சிங்கப்பூர் போனார். அங்கே கப்பல் அபாய ஆலோசனை நிறுவனம் ஒன்றில் உதவி ஆய்வாளர். வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், தமிழும் ஓரளவு மலாயும் தெரியும், செய்தித்தாள் கத்தரிக்க ஆள் வேண்டும் என்பதுதான்.

2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர் அபாயக் குழு மலாக்கா நீரிணையைத் தன் ஆபத்தான கடல்பகுதிகள் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் வந்தால் அந்த வழியே போகும் கப்பலிடம் காப்பீட்டுக்காரர் கூடுதல் பிரீமியம் கேட்கலாம். இது எத்தனை நாள் நீடிக்கும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அறிக்கையின் முதல் வரைவை எழுதும் பொறுப்பு ஆச்சிக்கு வந்தது. குறைந்தது மூன்று வருடம் என்று எழுதினார். 2006 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீரிணையை எடுத்துவிட்டார்கள். பதினான்கு மாதம்!

எங்கே தவறியது? அவரே பிரித்துச் சொன்னார். 2004ல் நீரிணையில் பதிவான கடற்கொள்ளைத் தாக்குதல்கள் 40க்குச் சற்றுக் குறைவு. அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டார். நங்கூரமிட்ட கப்பலில் கயிறும் பெயின்ட் டப்பாவும் திருடுவதும், மாலுமியைக் கடத்திப் பணயம் கேட்பதும் அதில் ஒரே கணக்கு. 2004 டிசம்பர் சுனாமி, நீரிணையை ஒட்டிய இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணக் கரையைத் துடைத்துப் போட்டதையும், 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் ஆச்சே கிளர்ச்சியாளர்களுக்கும் இந்தோனேசிய அரசுக்கும் சமாதானம் கையெழுத்தானதையும் தனித்தனிச் செய்தியாகப் படித்தார். இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று கரை நாடுகளும் 2004லேயே சேர்ந்து ரோந்து தொடங்கியிருந்தன. அதற்குப் போதிய எடை கொடுக்கவில்லை. 2005ல் தாக்குதல் 12 ஆகக் குறைந்தது.

இவையெல்லாம் இரண்டாம்பட்சம் என்கிறார். பெரிய பிழை வேறு. பட்டியலைக் கடல் போடவில்லை, லண்டனில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் போட்டார்கள். கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டிய கப்பல்காரர்களும், தங்கள் துறைமுகத்துக்குக் கெட்ட பெயர் என்று நினைத்த அரசுகளும் முதல் நாளிலிருந்தே அதை எடுக்கச் சொல்லி நெருக்கினார்கள். கொள்ளைக்காரனை எண்ணிக்கொண்டிருந்தவர், பணம் கட்டுகிறவனைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் சிங்கப்பூரில் ஒரு நீள நோட்டு வாங்கினார். இன்றும் மேசையில் இருக்கிறது. இப்போது அது நான்காவது நோட்டு. இடப்பக்கம் பற்று: தேதி, தான் சொன்ன கணிப்பு, எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதற்குப் பத்துக்கு ஒரு எண். வலப்பக்கம் வரவு: நடந்தது என்ன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பக்கத்தின் கீழே கோடு போட்டுக் கூட்டுகிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'தப்புப் பேரேடு'. நான் புரட்டிய பக்கத்தில் பதினொரு கணிப்பு, நான்கு தப்பு, இரண்டு இன்னும் நிலுவை. இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்கள் யாராவது இப்படி எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

வேலை என்றால் என்ன வேலை

மாணவர்களுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறிலிருந்து எட்டு வரை வாசிப்பு: கடலோடிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகள், கொழும்பு, யாழ்ப்பாணப் பத்திரிகைகள், நாடாளுமன்றக் கேள்வி பதில்கள், நீதிமன்றத் தீர்ப்புகள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் சிங்களம் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அது தனக்கு எந்தப் பட்டத்தை விடவும் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது என்கிறார். அப்புறம் கப்பல்களின் நடமாட்டம். பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயரையும் இருப்பிடத்தையும் தாமே ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவி வைத்திருக்க வேண்டும். அதைத் திரையில் பார்க்கலாம்.

வருமானம் சீராக இருக்காது. ஒரு நிறுவனம் மாதத் தொகை கொடுக்கும், இன்னொன்று அறிக்கைக்கு இவ்வளவு என்று பேசும், பல்கலைக்கழகங்கள் பொன்னாடை போர்த்தும். டிவிக்குப் போவதில்லை. 2022 ஆகஸ்டில் சீனாவின் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பல் யுவான் வாங் 5 இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் ஆறு நாள் நின்றபோது ஒரே நாளில் பல சேனல்கள் கூப்பிட்டன. "உளவுக் கப்பலா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னாக. ஒரே வார்த்தைக்கு நான் எதுக்கு சார்?"

அந்தக் கப்பல் அவருடைய தப்புப் பேரேட்டிலும் இருக்கிறது. துறைமுகம் வணிகத்தில் தேறும் வரை சீன அரசின் கப்பல் எதுவும் அங்கே வந்து நிற்காது என்று 2018ல் எழுதியிருந்தார். தப்பு.

ஆனால் அதே அறிக்கையின் மற்றப் பகுதி நன்றாக நின்றது. 2017ல் இலங்கை அம்பாந்தோட்டையை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 112 கோடி டாலர் வாங்கியது. கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைப் பறிகொடுத்தார்கள் என்பதுதான் எல்லாரும் சொன்ன கதை. ஆச்சி கணக்கைப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கடன் அப்படியே பேரேட்டில் நின்றது. அன்றைக்கு இலங்கையின் கழுத்தை அதிகம் நெரித்தது சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். அறிக்கையில் எழுதாத ஒன்றை என்னிடம் சொன்னார்: "அசல் பறிமுதல்னா எங்க ஐயாக்கள் பர்மாவுல செஞ்சதுதான் சார். ஆறு பர்சென்ட் இருபத்தஞ்சாச்சு. அப்புறம் அந்த நெலத்தைத் தூக்கிட்டா வர முடிஞ்சுது?"

ஜெகதாப்பட்டினம்

இந்த ஆய்வின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2012ல் ஊர் திரும்பினார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இணையம் இருந்தால் போதும் என்ற நிலையும் வந்திருந்தது. 2018ல் வடக்கே உள்ள ஒரு ஆய்வு அமைப்பு, பாக் விரிகுடாவின் பாதுகாப்பு அச்சுறுத்தல்கள் பற்றி அறிக்கை கேட்டது. எதிர்பார்த்தது என்ன என்பதைச் சொல்லாமலே சொன்னார்கள்: கடத்தல், பழைய இயக்கத்தின் மிச்சம், சீனா.

கணினியைத் திறந்து விரிகுடாவைப் பார்த்தார். திரை கிட்டத்தட்ட வெறுமை. பெரிய கப்பல்கள் அந்த ஆழமில்லாத நீரில் வராது, இலங்கையைச் சுற்றித்தான் போகும். மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏ.ஐ.எஸ். கிடையாது. உலகத்திலேயே அதிகம் சண்டை நடக்கும் மீன்பிடிக் கடல்களில் ஒன்று, திரையில் ஆளில்லாத குளம் மாதிரி கிடந்தது. "அன்னைக்குத்தான் பஸ் ஏறினேன்" என்றார்.

விரிகுடாக் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர் ஜெகதாப்பட்டினம், அறந்தாங்கி வழியாக இரண்டு மணி நேரத்துக்குள். என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனார். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்பது ஏற்பாடு. சனிக்கிழமை போன படகுகள் விடிகாலையில் கரை திரும்பிக்கொண்டிருந்தன. ஆச்சி மீனைப் பார்க்கவில்லை. ஏல இடத்திலிருந்து பத்தடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்க்கச் சொன்னார். படகுகளிலிருந்து நல்ல இறால் ஏலத்துக்குப் போகாமல் நேராக அவருடைய பெட்டிக்குப் போனது. யாரும் விலை கேட்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

படகுக்காரர் எஞ்சினுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். அதற்கு வட்டி கிடையாது. பதிலாகப் பிடிக்கும் இறால் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே. படகில் போகும் ஆட்களோ படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியவர்கள். ஆகவே அனுமதி உள்ள ஒவ்வொரு நாளும் படகு போயே ஆக வேண்டும். கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியைப் போட்டுப் போட்டு இந்தப் பக்கம் அடி வறண்டுவிட்டது, இறால் அந்தப் பக்கம். 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு படகு டிரைவரின் ஜி.பி.எஸ். திரையில் நன்றாகவே தெரிகிறது. வழி தெரியாமல் போய்விட்டார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வதை அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு டிரைவர் திரையைத் தட்டிக் காட்டினார்: "இதான் பார்டர். இங்க இழுத்தா டீசல் காசு வராது."

2017 ஜூலையில் இலங்கை இழுவை மடியைத் தடை செய்தது. 2018 தொடக்கத்தில் அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தை இலங்கை ரூபாயில் 60 லட்சத்திலிருந்து 17.5 கோடி வரை உயர்த்தியது. படகு பறிபோனால் படகுதான் போகும், முன்பணம் கரையிலேயே நிற்கும். அதை அடைக்க அடுத்த படகு இன்னும் உள்ளே போகும்.

இந்தியாவில் 2017ல் ஒரு திட்டம் வந்தது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று வருடத்தில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்றுவது. படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20, மீனவர் 10. காகிதத்தில் தாராளம்தான். ஆச்சி அதைப் பேரேட்டுக் கண்ணால் பார்த்தார். மீனவர் கையிலிருந்து 8 லட்சம், வங்கிக்கு 16 லட்சம். அதுகூடப் பரவாயில்லை. பழைய இழுவைப் படகை ஒழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் படகின் மேல்தான் வியாபாரியின் முன்பணம் நிற்கிறது. அடகில் இருக்கும் நகையைக் கொண்டுபோய் உருக்கச் சொல்வது மாதிரி. இந்தத் திட்டம் இலக்கை நெருங்காது என்று 2018ல் எழுதி, பத்துக்கு எட்டு போட்டார். நெருங்கவில்லை. வலப்பக்கத்தில் சரி விழுந்த சில கணிப்புகளில் அது ஒன்று. அதைப் பற்றி அவருக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை.

அறிக்கையில் கடத்தலுக்கும் சீனாவுக்கும் உரிய இடம் கொடுத்துவிட்டு, பாதிக்கு மேல் முன்பணத்தைப் பற்றி எழுதினார். விரிகுடாவில் இரண்டு நாட்டுக்கும் நடுவே தினமும் உரசலை உண்டாக்குவது கரையில் கொடுக்கும் கடன் என்பது அவர் வாதம். கடற்படைகள் அதன் வால் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கேட்டவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இது மீன்வளத் துறை விவகாரம், வெளியுறவு இல்லை என்றார்கள். அந்த அத்தியாயம் இல்லாமல் அச்சிடலாமா என்று கேட்டார்கள். என் பெயர் இல்லாமல் அச்சிடுங்கள் என்றார் ஆச்சி. அந்த ஒப்பந்தம் அதோடு முடிந்தது. அடுத்த இரண்டு வருடம் வருமானம் பாதியாகக் குறைந்தது, பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வளையல் அடகுக்குப் போனது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் வீரம் இல்லை. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்ற மாதிரிதான் இருந்தது.

என் பார்வை

ஆச்சி செய்தது சரி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு இரண்டு குறை தெரிகிறது.

ஒன்று, அத்தியாயத்தைத் தனிக் கட்டுரையாகக் கொடுத்து, மற்றதை அவர்கள் பெயரில் விட்டிருக்கலாம். யாரும் படிக்காத சரியான வாதத்தால் விரிகுடாவில் ஒரு படகும் திரும்பாது. இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

இரண்டாவது கனமானது. அந்த அறிக்கையில் எதிர்க்கரை இல்லை. போர் நடந்தவரை வடஇலங்கை மீனவர்களைக் கடலுக்குள் போகவிடாமல் வைத்திருந்தார்கள். 2009க்குப் பிறகு வலையோடு இறங்கினால், அங்கே நம் இழுவைப் படகுகள். ராத்திரி போட்ட வலை காலையில் கிழிந்து கிடக்கும். அதுவும் தமிழர்கள் தமிழர்களுக்குச் செய்வது. இதெல்லாம் யாழ்ப்பாணப் பத்திரிகை வழியாக ஆச்சிக்குத் தெரியும். ஆனால் ஜெகதாப்பட்டினத்துக்கு அத்தனை முறை பஸ் ஏறியவர், அங்கே ஒரு முறைகூடப் போகாமல் 2018ல் எழுதினார். மொகல் தெருவில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தவர்களைக் குறை சொன்னவர், தானும் ஒரு கரையின் பேரேட்டை வைத்துக்கொண்டு கடலைக் கணக்குப் போட்டிருக்கிறார். கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். "எழுதுங்க சார், நானே நோட்டுல எழுதிருக்கேன்" என்றார்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் படகுப் போக்குவரத்து மறுபடி தொடங்கி, கொஞ்ச நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு திரும்பத் தொடங்கியது. கப்பலின் பெயர் சிவகங்கை. சொந்த மாவட்டத்துப் பெயரைப் பார்த்ததும் டிக்கெட் போட்டதாகச் சொன்னார், பாதி விளையாட்டாக. ஐயா கப்பலேறியதும் நாகப்பட்டினத்தில்தான்.

காங்கேசன்துறையிலிருந்து கிழக்கே கரையோர ஊர் ஒன்றில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்தார். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், இழுவைப் படகைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றதும் அந்த மனிதர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் ஊசியைத்தான் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்கட ஆக்கள் வாற போட்டுக்கு ஆர் காசு போடுறது?"

நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஆச்சி சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே வலையைப் பொத்தினார். தன் வலையும் கடனுக்கு எடுத்ததுதான் என்றும், போன மாசியில் அறுந்ததற்கு இன்னும் தவணை கட்டுவதாகவும் சொன்னார். கடை எது, தவணை எவ்வளவு, பிணை யார் என்று ஆச்சி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் ஆனது. நான்காவது நோட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டினார். இடப்பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறது. கணிப்புக்கான எண் மட்டும் இன்னும் போடவில்லை.